கூடிக் கேட்ட செய்தியும் தனியே பார்க்கும் செய்தியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஊரை விட்டு வந்த நம்மைப் போன்றவர்களுக்குக் கைபேசி செய்திருக்கும் நன்மையை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். நெல்லைச் சீமையில் இருக்கும் தாய், மும்பையில் பேரப்பிள்ளை தவழ்வதை அன்றைக்கே கண்ணால் பார்க்கிறாள். சம்பளம் வாங்கிய அன்று மாலையே ஊரில் மனைவியின் கணக்கில் பணம் ஏறிவிடுகிறது. ஒரு காலத்தில் நமக்குத் தந்தி வந்தால், அதைப் பிரிக்கும் முன்பே வீட்டுப் பெண்கள் அழத் தொடங்கிவிடுவார்கள். இரண்டு நாள் ரயில் ஏறி ஊர் போய்ச் சேரும்போது காரியமே முடிந்திருக்கும். அந்தத் தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அந்தக் காலம் திரும்பி வரவேண்டும் என்று நம்மில் யாரும் ஏங்கவில்லை. ஆகவே இயந்திரத்தைத் திட்டுவதற்காக நாம் இங்கே கூடவில்லை.

ஆனால் ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் தீரவேண்டும். ஊரில் இருக்கும் உறவை இவ்வளவு பக்கத்தில் கொண்டுவந்த அதே கருவி, சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்டை வீட்டாரை ஏன் இவ்வளவு தூரத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டது? நாள் முழுவதும் செய்தி பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு, நம் தெருவைப் பற்றி, நம் வீட்டைப் பற்றி, நம் உரிமையைப் பற்றி ஏன் ஒன்றும் தெரியாமல் போகிறது?

செய்தி எப்படி வந்தது?

முன்பு நமக்குச் செய்தி எப்படி வந்தது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். 1942இல் சி.பா. ஆதித்தனார் மதுரையில் 'தந்தி' நாளிதழைத் தொடங்கி, எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரிகிற தமிழில் அதை நடத்தினார். அந்தப் பத்திரிகையைத் தேநீர்க் கடையில் ஒருவர் உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். முடிதிருத்தும் நிலையத்தில் ஒருவர் படிப்பார், காத்திருப்பவர்கள் எல்லாரும் கேட்பார்கள். நம் இயக்கங்கள் ஊருக்கு ஊர் வைத்த படிப்பகங்களிலும் இதே வழக்கம்தான். பிழைக்க வந்த இடத்துக்கும் இதை நம் பெரியவர்கள் கொண்டுவந்தார்கள்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. செய்தியைக் கேட்ட பத்துப் பேரும் ஒரே கட்சிக்காரர்கள் அல்லர். ஒருவர் "அப்படியா!" என்பார். இன்னொருவர் "இதை எழுதினவன் யார்?" என்பார். மூன்றாமவர் "நான் நேற்றுத்தான் அந்தப் பக்கம் போய் வந்தேன், அப்படி ஒன்றும் இல்லையே" என்பார். சண்டையும் நடக்கும், சிரிப்பும் நடக்கும். கடைசியில் எழுந்து போகும்போது, பத்திரிகையில் இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலான உண்மை ஒவ்வொருவர் கையிலும் இருக்கும்.

இன்று அதே செய்தி ஒவ்வொருவர் கைக்கும் தனித்தனியாக வருகிறது. இரவு பதினோரு மணிக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு பார்க்கிறோம். பக்கத்தில் கேள்வி கேட்க ஆள் இல்லை. பயம் வந்தால் பயத்தோடு தூங்குகிறோம், கோபம் வந்தால் கோபத்தோடு பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுத் தூங்குகிறோம். செய்தி மாறிவிட்டது என்பதைவிட, செய்தியைக் கேட்கிற முறை மாறிவிட்டது என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

அச்சிலும் வந்த அரை உண்மை

அந்தக் காலத்தில் பொய்யே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பொய் எப்போதும் இருந்தது. பொய்யைவிடக் கொடிய அரை உண்மையும் இருந்தது. அதன் அடியை வாங்கியவர்கள் நாம்.

1960இல் மும்பையில் பால் தாக்கரே 'மார்மிக்' என்ற மராத்தி வார இதழைத் தொடங்கினார். அதில் நிறுவனங்களில் உயர் பதவியிலிருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து திரட்டிப் பட்டியல் பட்டியலாக வெளியிட்டார்கள். படித்துவிட்டுச் சும்மா இருங்கள் என்று குத்திக்காட்டும் தலைப்பு அதற்கு இருந்தது. பிறகு அது, படித்துவிட்டு எழுந்திருங்கள் என்று மாறியது. 1966 ஜூனில் சிவசேனை பிறந்தது. அதன் பிறகு வேட்டி, லுங்கி கட்டியவர்கள் தெருவில் கேலிக்கும் அடிக்கும் ஆளானதையும், தென்னிந்திய உணவு விடுதிகள் தாக்கப்பட்டதையும் மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

அந்தப் பட்டியலில் இருந்த பெயர்கள் பொய்யானவை அல்ல. ஆனால் அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் யார்? தாராவித் தோல் பதனிடும் தொட்டிகளில் சுண்ணாம்பிலும் இரசாயனத்திலும் நின்று கால் வெந்தவர்களின் பெயர் அதில் இல்லை. விடியுமுன் இட்லி அவித்து, தூக்குப் பாத்திரத்தில் சுமந்து விற்றவர்களின் பெயர் இல்லை. சாக்கடை அள்ளியவர்களின் பெயர் இல்லை. அவர்களிடம் தொலைபேசி இல்லை, ஆகவே தொலைபேசிப் புத்தகத்தில் அவர்கள் இல்லை! நாற்காலியில் இருந்த சிலரைக் காட்டினார்கள், அடி விழுந்தது தெருவில் நின்ற பலர் மீது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு செய்தி உண்மையா என்று கேட்பதோடு நிறுத்தக்கூடாது. அதில் எதை விட்டுவிட்டார்கள் என்றும் கேட்கவேண்டும். இன்று கைபேசியில் வரும் ஒரு நிமிட வீடியோவுக்கும் இதே அளவுகோல்தான். அந்த ஒரு நிமிடத்துக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது?

2018 சொல்லும் பாடம்

வார இதழ் வாரம் ஒருமுறை வந்தது. கைபேசி நொடிக்கு நொடி வருகிறது. அந்த வேகம் என்ன செய்யும் என்பதை 2018ஆம் ஆண்டு நமக்குக் காட்டியது.

அந்த ஆண்டு நாடெங்கும் குழந்தை கடத்தும் கும்பல் வந்திருக்கிறது என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்லும் ஒரு வீடியோவை இலட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். உண்மையில் அது பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அதன் முடிவில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள், எச்சரிக்கை வாசகமும் வரும். யாரோ அந்த முடிவை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

அதே ஆண்டு மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலைத் தேடிப் போன ஒரு குடும்பம், வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தது. கடத்தல்காரர்கள் என்று கூட்டம் சூழ்ந்தது. அறுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி அடித்தே கொல்லப்பட்டார். குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பது நம் நாட்டில் எந்தப் பாட்டியும் செய்கிற காரியம் அல்லவா?

ஜூலை 1ஆம் நாள், நம் மகாராஷ்டிரத்தில், துளே மாவட்டத்து ராயின்பாடா கிராமத்தில் வாரச் சந்தை. சோலாப்பூர்ப் பக்கத்திலிருந்து பிச்சை கேட்டு வந்திருந்த நாத்பந்தி தவ்ரி கோசாவி என்ற நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த ஐந்து பேரைக் கூட்டம் பிடித்தது. ஊராட்சி அலுவலக அறைக்குள் அடைத்து, அங்கேயே அடித்துக் கொன்றது.

இறந்தவர்கள் யார் என்று பாருங்கள். வெளியூர்க்காரர்கள், வேற்று முகங்கள், அந்த ஊரில் தமக்கென்று சாட்சி சொல்ல ஒருவரும் இல்லாதவர்கள். புலம்பெயர்ந்து பிழைக்கும் நாமும் அந்த வரிசையில் நிற்பவர்களே. ஆகவே, சொந்த ஊரில் இருப்பவனைவிட நாம் ஒரு பங்கு கூடுதலாக வதந்திக்கு அஞ்சவேண்டும், ஒரு பங்கு கூடுதலாக அதைத் தடுக்கவும் வேண்டும். நாம் விரல் நுனியால் அனுப்பிவிடும் ஒரு வதந்தி, இன்னொரு ஊரில் நம்மைப் போன்ற இன்னொரு வெளியூர்க்காரனின் உயிரை எடுக்கும்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான், ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்பாடு கொண்டுவந்தது. பல கை மாறி வந்த செய்தியின் மேல் இரட்டை அம்புக்குறி ஒன்று இருக்கும். அந்தக் குறியைப் பார்த்தால், அனுப்பியவர் நம் மாமனாகவே இருந்தாலும், இது மாமனுக்குத் தெரிந்த விஷயம் அல்ல, அவருக்கும் எங்கிருந்தோ வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

நம் கோபத்தில் யாருக்கு ஆதாயம்?

இந்தக் கருவிகள் நமக்கு இலவசமாகக் கிடைக்கின்றன என்று நினைக்கிறோம். கடைக்காரன் எதையாவது இலவசமாகக் கொடுத்தால், அவனுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது தொழிலாளியின் அறிவு. இங்கே விற்பனைக்கு இருப்பது நம் நேரம். நாம் திரையை எவ்வளவு நேரம் பார்க்கிறோமோ அவ்வளவு விளம்பரம் ஓடும்.

2017 முதல், பேஸ்புக் நிறுவனம் எந்தச் செய்தியை முன்னே காட்டுவது என்று முடிவு செய்யும் கணக்கில், ஒருவர் விருப்பக்குறி போட்டால் அதற்கு ஒரு மதிப்பெண்ணும், கோபமுகக் குறி போட்டால் ஐந்து மதிப்பெண்ணும் வைத்திருந்தது. அழுகை, சிரிப்பு போன்ற மற்ற முகக்குறிகளுக்கும் அந்த ஐந்துதான். ஆனால் கோபத்தைக் கிளப்பும் பதிவுகளில்தான் பொய்யும் வெறுப்பும் மிகுதி என்பதை அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களே பிறகு கண்டறிந்தார்கள். 2020இல் கோபக்குறிக்கு மதிப்பெண்ணே இல்லாமல் செய்தார்கள். இவையெல்லாம் அந்த நிறுவனத்தின் உள் ஆவணங்கள் 2021இல் வெளியே வந்தபோது உலகுக்குத் தெரிந்தன.

இதன் பொருள் என்ன? அமைதியாகச் சொன்ன உண்மை பின்வரிசையில் நின்றது, ஆத்திரமூட்டியது முன்வரிசைக்கு வந்தது. மராத்தியனும் தமிழனும், தமிழனும் பீகாரியும், இந்துவும் முஸ்லிமும் ஒருவரையொருவர் வைது கொண்டிருந்த நேரமெல்லாம் யாருடைய கல்லாவோ நிறைந்தது. நம் கூலி உயர்வைப் பற்றிய செய்திக்கு யாரும் கோபமுகக் குறி போடுவதில்லை. ஆகவே அது நம் திரைக்கே வருவதில்லை.

அரசு பேசாவிட்டால் வதந்தி பேசும்

மக்கள்மீது மட்டும் பழி போடுவது நியாயம் அல்ல. 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். இடையில் இருந்தது நான்கு மணி நேரம். கூலிக்காரன் எங்கே போவான், என்ன உண்பான், ரயில் எப்போது ஓடும் என்று அவனுக்குப் புரியும் மொழியில் சொல்ல ஆள் இல்லை. ஏப்ரல் 14 அன்று ரயில் விடப்போகிறார்கள் என்ற பேச்சு பரவி, பாந்த்ரா ரயில் நிலையத்தருகே ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் திரண்டார்கள். கிடைத்தது தடியடி. தொழிலாளர்களுக்கான சிறப்பு ரயில்கள் மே 1ஆம் தேதிதான் ஓடத் தொடங்கின. பசித்தவன் வதந்தியை நம்பினான் என்றால், நம்புவதற்கு வேறு செய்தி அவனுக்குக் கொடுக்கப்படவில்லை என்பதே காரணம்.

அதே நாட்களில் தாராவியில் என்ன நடந்தது? மாநகராட்சிப் பணியாளர்களும், ஆஷா பெண்களும், உள்ளூர் மருத்துவர்களும் சந்து சந்தாகப் போய், கதவைத் தட்டி, காய்ச்சல் பார்த்து, முகம் பார்த்துப் பேசினார்கள். நோய் கட்டுக்குள் வந்தது. 2020 ஜூலையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். தெரிந்த முகம் வாசலில் நின்று சொன்ன சொல்லை மக்கள் நம்பினார்கள், நடந்தார்கள்.

நாம் வெளியூர்க்காரர், அவர்களும் வெளியூர்க்காரர்

2023 மார்ச்சில் நம் தாயகத்திலேயே ஒரு சோதனை வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைத் தேடித் தேடி வெட்டுகிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறு மாநிலத்தில் நடந்த கொலையின் படமும், தமிழ்நாட்டிலேயே உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்த வெட்டுக்குத்தின் படமும் சேர்த்து ஒட்டப்பட்டிருந்தன. திருப்பூரில் பனியன் தைக்கும் பையனின் தாய் பீகாரில் அழுதாள். பிள்ளையை வந்துவிடு என்றாள். ஹோலிக்கு ஊர் போகும் கூட்டத்தோடு பயந்து போனவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

அந்தத் தாயின் அழுகை நமக்கு அந்நியமா? மும்பையில் கலவரம் என்று கேள்விப்பட்ட போதெல்லாம் நம் தாய்மார்கள் ஊரில் அப்படித்தானே அழுதார்கள்?

அந்த வதந்தி எப்படி அடங்கியது? வழக்குகள் போட்டார்கள், உண்மைதான். ஆனால் அதைவிட முக்கியமாக, அதிகாரிகள் தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளர் தங்கும் இடங்களுக்கும் நேரில் போனார்கள். இந்தியில் பேசினார்கள். இந்தி தெரிந்தவர்களை வைத்து உதவித் தொலைபேசி நடத்தினார்கள். பீகாரிலிருந்து வந்த அதிகாரிகள் குழு நேரில் பார்த்து, தொழிலாளர்களைக் கேட்டுத் திரும்பியது. தொழிலாளர்களே "நாங்கள் நலமாக இருக்கிறோம்" என்று ஊருக்குப் பேசினார்கள். அவர்கள் அதைச் சொன்னதும் கைபேசியில்தான்! பொய்யைக் கொண்டுபோன அதே கருவி உண்மையையும் கொண்டுபோனது. ஆனால் அதற்கு முன்னால் யாரோ ஒருவர் இருந்த இடத்தைவிட்டு எழுந்து, நேரில் போய், அடுத்தவன் மொழியில் கேட்க வேண்டியிருந்தது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வோம். வீட்டில் நல்ல தமிழ் பேசுங்கள், தெருவில் நல்ல மராத்தி பேசுங்கள். பக்கத்து வீட்டு மராத்தியத் தாயை 'மாவ்ஷி' என்று அழைத்துப் பேசிப் பழகிய பிள்ளையைப் பற்றி எந்த வதந்தி வந்தாலும், "அவன் அப்படிப்பட்டவன் இல்லை" என்று சொல்ல ஒரு வாய் இருக்கும். கலவர நேரத்தில் அந்த ஒரு வாய் ஆயிரம் கைபேசிக்குச் சமம்.

தெரிந்தவனுக்குத்தான் உரிமை

இனி நம் தலைக்குமேல் இருக்கும் கூரையைப் பற்றிப் பேசுவோம். மும்பையில் 1976 ஜனவரி 4 அன்று ஒரே நாளில் குடிசைக் கணக்கெடுப்பு நடத்தினார்கள். கணக்கில் வந்தவர்களுக்கு அடையாளமாக வழங்கப்பட்டதுதான் நாம் போட்டோ பாஸ் என்று சொல்லும் அட்டை. அந்த அட்டை இருந்தவர், என்னை அகற்றினால் மாற்றிடம் கொடு என்று கேட்க முடிந்தது. இல்லாதவரின் வாயை அடைத்துவிட்டார்கள்.

1981 ஜூலையில், கொட்டும் மழையில், நடைபாதையில் குடியிருந்தவர்களை வெளியேற்றி அவரவர் ஊருக்கு அனுப்பிவிடப் போவதாக அன்றைய முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். சேலத்தில் வறட்சி தாங்காமல் 1961இல் மும்பைக்கு வந்து, இரசாயன ஆலையில் கூலி வேலை பார்த்த ஒரு தமிழரின் குடிசையும் பிரிக்கப்பட்டது. அவரையும் குடும்பத்தையும் பஸ்ஸில் ஏற்றிச் சேலத்துக்கு அனுப்பினார்கள். வேலை இல்லாத ஊரில் என்ன செய்வார்? மனைவி மக்களை அங்கே விட்டுவிட்டு மீண்டும் மும்பைக்கே வந்தார்.

அவர் தனியாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஆனால் பத்திரிகையாளர்களும், மக்கள் உரிமை அமைப்புகளும், நடைபாதைவாசிகளும் ஒன்றுசேர்ந்து உச்சநீதிமன்றம் சென்றார்கள். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் அந்த வழக்கு அறியப்படுகிறது. 1985 ஜூலையில் வந்த தீர்ப்பு, உயிர் வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்றது. நடைபாதையில் இருக்கும் உரிமையை அது கொடுத்துவிடவில்லை. ஆனால் முன்னறிவிப்பு இல்லாமல், ஒருவரின் பேச்சைக் கேட்காமல் அவரை வாரி எறிவது முறையல்ல என்பதை நிலைநாட்டியது. அதில் நம் சேலத்துக் கூலித் தொழிலாளியும் ஒரு மனுதாரர் என்பதை நம் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று தாராவி மறுசீரமைப்பு வந்திருக்கிறது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு என்றும், அதன் பிறகு வந்தவர்களுக்கும் மாடியில் இருப்பவர்களுக்கும் தாராவிக்கு வெளியே வேறு ஏற்பாடு என்றும் அறிவித்தார்கள். ஒரு குடும்பத்தின் தலைமுறை வாழ்வு ஒரு தேதியிலும், ஒரு மின்கட்டண ரசீதிலும், வாக்காளர் பட்டியலில் இருக்கும் ஒரு வரியிலும் தொங்குகிறது. இந்த நேரத்தில் நம் கைபேசிக்கு வருவது என்ன? "கையெழுத்துப் போட்டால் வீடு போய்விடும்" என்று ஒரு குரல். "கையெழுத்துப் போடாவிட்டால் வீடு போய்விடும்" என்று இன்னொரு குரல். இரண்டுக்கும் கீழே எழுதியவர் பெயர் இல்லை.

அரசாணையைப் படித்தவர் நம்மில் எத்தனை பேர்? தகுதிப் பட்டியலில் தம் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தவர் எத்தனை பேர்? தமிழ்ப் பெயரை மராத்தி எழுத்தில் எழுதும்போது ஒரு எழுத்து மாறினாலும், தந்தை பெயர் இடம் மாறினாலும், ஆட்சேபம் சொல்ல வேண்டிய கெடுவுக்குள் சொல்லியாக வேண்டும். கெடு முடிந்த பிறகு ஆயிரம் வீடியோ பார்த்தும் பயன் இல்லை.

உரக்கப் படித்த கணக்கு

நம்மைப் போன்ற ஏழைகள் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். இராஜஸ்தானத்தில் 1990 மே முதல் நாள் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற உழைப்பாளர் அமைப்பு உருவானது. கூலி சரியாகக் கிடைக்காத கிராமத்து மக்கள், வேலைக்கணக்குப் பதிவேட்டைக் காட்டு என்று கேட்டார்கள். 1994 டிசம்பரில் ஊர் நடுவே மக்கள் மன்றம் கூட்டி, அந்தப் பதிவேட்டைப் பெயர் பெயராக உரக்கப் படித்தார்கள். ஒரு பெயர் படித்தால் "அவர் செத்துப் போய்ப் பல நாளாயிற்றே" என்று குரல் வரும். இன்னொன்று படித்தால் "அப்படி ஓர் ஆளே எங்கள் ஊரில் இல்லையே" என்று குரல் வரும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எழுத்திலிருந்த திருட்டைப் பிடித்தார்கள்! எப்படிப் பிடித்தார்கள்? கூடிக் கேட்டதால் பிடித்தார்கள். அந்தப் பதிவேட்டைத் தனித்தனியே ஒவ்வொருவர் கையிலும் கொடுத்திருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது.

அந்தப் போராட்டத்தின் வழியில் கிடைத்ததுதான் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், ஒரு வெள்ளைத் தாள், முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டிய கடமை அதிகாரிக்கு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்குக் கட்டணமும் இல்லை. இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தாமல், வருகிற வதந்தியை நம்பிக்கொண்டிருப்பது, வீட்டில் கிணறு வைத்துக்கொண்டு சாக்கடையில் நீர் மொள்வது போன்றது.

பொய்யைத் தடுக்கும் வேலையை அரசிடமே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கலாம். 1975இல் நெருக்கடி நிலை வந்தபோது பத்திரிகைகளுக்குத் தணிக்கை போட்டு, எது செய்தி என்பதை அரசே முடிவு செய்தது. 2023இல் மத்திய அரசு, தன்னைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று சொல்லும் அதிகாரத்தைத் தன் குழுவுக்கே கொடுக்கும் விதியைக் கொண்டுவந்தது. அந்த விதி செல்லாது என்று 2024 செப்டம்பரில் நம் மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்படக்கூடியவரே நீதிபதியாகவும் உட்காரலாகாது. உண்மையைத் தேடும் வேலை குடிமகனுடையது. அதை அரசுக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது, கம்பெனிக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாது.

செய்ய வேண்டியவை

தோழர்களே, பேசிக் கலைவதற்காக நாம் கூடவில்லை. சில காரியங்களை இன்றே முடிவு செய்வோம்.

ஒன்று: வந்த செய்தியை அனுப்புமுன் நான்கு கேள்விகள். சொன்னவர் யார்? நடந்த இடம் எது? நடந்த நாள் எது? இதில் விடுபட்டது என்ன? விடை தெரியாத செய்தி நம் கையோடு நிற்கட்டும். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் சொன்னார்கள். பேசாதவரைப் பேசியதாகக் காட்டும் படமும், மகன் குரலிலேயே பணம் கேட்கும் போலிக் குரலும் இயந்திரத்தால் செய்யப்படும் இந்நாளில், அந்தப் பழமொழி முன்னைவிடப் புதிதாகிவிட்டது. "மகன் பேசுகிறேன், பணம் அனுப்பு" என்று புதிய எண்ணிலிருந்து வந்தால், வைத்துவிட்டு மகனின் பழைய எண்ணுக்குப் பேசுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள்.

இரண்டு: ஞாயிற்றுக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஒவ்வொரு சாலிலும் ஒரு வீட்டு வாசலில், கைபேசிகளை ஒரு தட்டில் வைத்துவிட்டுக் கூடுவோம். வாரச் செய்தியை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். படிப்பவர் பள்ளிப் பிள்ளையாக இருக்கட்டும், பிள்ளைக்குத் தமிழும் வரும். கேள்வி கேட்பவர் பாட்டியாக இருக்கட்டும், பாட்டிக்கு உலகமும் தெரியும்.

மூன்று: கணக்கெடுப்பு, பட்டியல், ரேஷன், வாக்காளர் பெயர் பற்றிய எந்த அரசாணை வந்தாலும், மராத்தி படிக்கத் தெரிந்த நம் பிள்ளைகள் இருவர் அதைத் தமிழில் சொல்லக் கூட்டம் போடுவோம். ஒவ்வொரு சந்தின் தகுதிப் பட்டியலையும் பெயர் பெயராக உரக்கப் படிப்போம். விட்டுப்போன பெயருக்கு அன்றே ஆட்சேப மனு எழுதுவோம். எழுதத் தெரியாதவருக்குச் சங்கம் எழுதித் தரும்.

நான்கு: அந்தக் கூட்டத்துக்கு மராத்தியத் தோழரையும், உத்தரப் பிரதேசத்துத் தையற்காரரையும், குஜராத்திக் குயவரையும் அழைப்போம். ஒரே கூரை போனால் எல்லாருக்கும்தான் மழை.

தனியே பார்க்கிற செய்தி நம்மை அச்சத்தில் நிறுத்துகிறது. கூடிக் கேட்கிற செய்தி நம்மைக் குடிமக்களாக்குகிறது. கருவி நம் கையில் இருக்கட்டும், நாம் கருவியின் கையில் இருக்க வேண்டாம். வருகிற ஞாயிறு மாலை, உங்கள் சந்தில், உங்கள் வாசலில், ஒரு பாயை விரியுங்கள். வாசிக்கப் பட்டியலோடு நாங்கள் வருகிறோம்.